கண் மூடிய கோழிக்குக் கறிச்சட்டிதான் கதியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையின் ஓரத்தில் நின்று, "அடுத்து உரையாற்ற வருபவர்..." என்று மற்றவர்களை அழைப்பவள் நான். இன்று என்னையே அழைத்துவிட்டார்கள். 'வீட்டுப் பிராணிகளும் நம் பொறுப்பும்' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். நான் ஒரு கோழியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். எங்கள் வீட்டிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்தவள் அல்ல. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள். கேள்வி கேட்பது என் தொழில். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல், நானே பதில் சொல்லப் போய், ஓர் உயிரின் கண்ணைக் கெடுத்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

என் அம்மா பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர். பிறகு அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். அப்பா காலமான பிறகு, அண்ணன் போய் அம்மாவைச் சிலாங்கூரில் தன் தாமான் வீட்டுக்கு அழைத்து வந்தார். லயத்து வீட்டில் இருந்து அம்மா கொண்டு வந்த பொருள்கள் அதிகமில்லை. அப்பாவின் படம், அம்மிக்கல், இரண்டு பித்தளைக் குடம். அதோடு ஒரு கூடையில் சின்னி.

சின்னி ஒரு செந்நிற நாட்டுக்கோழி. அப்பா கடைசியாக அடை வைத்த முட்டைகளில் பொரித்தது. அப்பா போன வீட்டில் அம்மாவுக்குப் பேச்சுத் துணையாக இருந்ததும் அதுதான். அம்மா அதனோடு பேசுவார். அதுவும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கும். அதனால் அண்ணன் மறுக்கவில்லை.

தாமான் வாழ்க்கை எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். முதல் மாதம் சின்னி எதிர்வீட்டு மக்சிக்கின் பூச்சட்டிகளைக் கிளறியது. இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டு அங்கிளின் வாசலை அசிங்கப்படுத்தியது. பேச்சு வந்தது. வம்பு வேண்டாம் என்று அண்ணன் ஒரு கம்பிக்கூண்டு வாங்கி, வீட்டின் பின்புறம் துணி துவைக்கும் இடத்தில் வைத்து, சின்னியை அதில் அடைத்துவிட்டார். வேளாவேளைக்குச் சோறு. சில நாள் காய்ந்த ரொட்டி. மீந்துபோனதெல்லாம் கோழிக்கு. ராஜபோகம் என்று நாங்கள் நினைத்துக் கொண்டோம்.

ஐந்து மாதம் போனது. தீபாவளி முடிந்த வாரம், ஒரு நாள் காலையில் அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "பாப்பா, சின்னி ஒரு கண்ணைத் திறக்க மாட்டேங்குது."

நான் சென்று பார்த்தேன். இடது கண் மூடி இருந்தது. இமையோரத்தில் நுரை போல நீர். கண்ணுக்குக் கீழே லேசாக வீக்கம். இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் நின்றது.

அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். வீட்டில் இருந்த ஆறு பேரும் வைத்தியர்களாகிவிட்டோம். அம்மா, "அம்மை போட்டிருக்கு" என்று மஞ்சளைக் குழைத்துக் கண்ணைச் சுற்றிப் பூசினார். அண்ணி, "சளிதான், மிளகைத் தட்டிக் கொடுங்க அத்தை" என்றார். அண்ணன் மகன், "பறவைக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணன்தான் சுருக்கமாக முடித்தார். "நோய் முத்துறதுக்குள்ள அறுத்துடலாம்மா. வேற கோழி வாங்கித் தர்றேன்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் நான் படித்தவளாக முன்வந்தேன். சில மாதங்களுக்கு முன் எனக்குக் கண் சிவந்திருந்தபோது கிளினிக்கில் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது. மனிதர் கண்ணுக்கே போடுகிற மருந்து, கோழிக்கு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். காலையும் மாலையும் இரண்டிரண்டு சொட்டு. முதல் நாள் கண் தெளிந்த மாதிரி இருந்தது. "பாத்தியா, என் பொண்ணு டாக்டருக்கே சொல்லித் தருவா" என்று அம்மா மக்சிக்கிடம் பெருமையாகச் சொன்னார். நான்காம் நாள் பார்த்தால் கருவிழி மேல் பால் தெளித்தது போல வெள்ளை. சின்னி தீனியைத் தொடவில்லை. வலது கண்ணிலும் நீர் வடிந்தது.

அதற்கு மேல் தாமதிக்காமல், அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என்னைவிட இளையவர். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேட்க ஆரம்பித்தார். "எத்தனை நாளாக? முதலில் ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? அண்மையில் புதுக் கோழி ஏதாவது வந்ததா? வேறு பறவை செத்ததா? என்ன தின்கிறது? எங்கே தூங்குகிறது? கடைசியாக எப்போது முட்டை இட்டது?" அம்மா ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். கடைசிக் கேள்வி வந்தது. "கண்ணில் என்ன போட்டீர்கள்?"

நான் கைப்பையில் இருந்த புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று குறைக்கும். அதனால்தான் முதல் நாள் தெளிந்த மாதிரி தெரிந்தது. ஆனால் கருவிழியில் புண் இருக்கும்போது அதைப் போட்டால், புண் ஆறுவதைத் தடுத்துவிடும். கிருமிக்கும் இடம் கொடுத்துவிடும். மருத்துவர் சின்னியின் கண்ணில் ஒரு சாயத்தைச் சொட்டி, விளக்கொளியில் காட்டினார். புண் இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. விழியின் பாதிக்கு மேல் பச்சை.

இது கோழிக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல, நேயர்களே. நம் கண்ணுக்கும் இதே கதைதான். கண் மருந்துப் புட்டியைத் திறந்தால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும், இல்லையேல் வீசிவிட வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் போடக் கூடாது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் எத்தனை பழைய புட்டிகள் இருக்கின்றன என்று இன்றிரவே பாருங்கள்.

சரி, சின்னிக்கு என்னதான் நோய்? இதைக் கேட்டபோது மருத்துவர் சொன்ன பதில்தான் இந்த உரையின் சாரம். "கண் வீங்கியது அடையாளம்தானே அம்மா. அது நோயின் பெயர் இல்லையே" என்றார். கோழியின் கண் மூடிப்போவதற்குக் காரணங்கள் ஒரு பட்டியலே உண்டு. அவற்றில் சிலவற்றை அவர் சொன்னபடி சொல்கிறேன்.

கண்ணில் நுரை, மூக்கில் நீர், மூச்சு விடும்போது கொரகொர என்ற சத்தம் என்றால், மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருக்கலாம். இது தாய்க்கோழியிடம் இருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகக் கூடியது. முகமே உப்பி, மூக்கில் இருந்து நாற்றம் அடித்தால், கொரைசா என்னும் தொற்றுச் சளியாக இருக்கலாம். இவை இரண்டும் ஒரு கோழியில் இருந்து அடுத்ததற்கு வேகமாகப் பரவும்.

அம்மா சொன்ன அம்மையும் உண்மையான நோய்தான். கொசுக்கடி மூலம் பரவுவது. ஆனால் அம்மை கண்டால் கொண்டையிலும் இமையிலும் மரு மாதிரிக் கெட்டியான பொருக்குகள் தெரியும். சின்னிக்கு அப்படி எதுவும் இல்லை. மாரெக் என்ற நோயில் கண் வீங்காது. விழியின் நிறம் சாம்பலாக மாறி, நடுவில் உள்ள பாவை கோணலாகச் சுருங்கிவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது, குஞ்சு பொரித்த உடனே தடுப்பூசி போடுவதுதான் வழி.

வெப்ப நாடுகளில் கண்புழு என்று ஒன்றும் உண்டு. அதைச் சுமப்பது ஒரு வகைக் கரப்பான் பூச்சி. கோழி கரப்பானைக் கொத்தித் தின்றால், உள்ளே இருக்கும் புழு தொண்டை வழியாக மேலேறிக் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிடும். "எங்க சின்னி இருந்தா வீட்டுல ஒரு கரப்பான் இருக்காது" என்று அம்மா அதுவரை பெருமை பேசிக் கொண்டிருந்தவர், அன்று வாயை மூடிக்கொண்டார்.

கூண்டின் காற்றே காரணமாகவும் இருக்கலாம். கழிவு சேர்ந்து ஈரமானால் அம்மோனியா வாயு எழும்பும். நாம் நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவு முழுக்க அங்கே தூங்கும் கோழியின் கண் என்ன பாடுபடும்?

இத்தனையும் சொல்லிவிட்டு, மருத்துவர் சின்னியின் அலகைத் திறந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். நாங்கள் யாருமே வாயைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே அண்ணத்திலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கொப்புளங்கள். இமைக்குள்ளே பாலாடைக்கட்டி போல ஒரு கட்டி. அம்மாவிடம் மறுபடியும் கேட்டார். "என்ன தின்கிறது என்று சொன்னீர்கள்?"

"சோறுதான் டாக்டர். வெள்ளைச் சோறு."

"கீரை? புல்?"

அம்மா தலையை ஆட்டினார்.

வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். ஆனாலும் சந்தேகத்தோடு நிறுத்தவில்லை. தொற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய, தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வேறு பறவைகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றார். பிறகு வந்த முடிவில் தொற்று எதுவும் இல்லை.

தோட்டத்தில் இருந்தபோது சின்னி நாள் முழுக்க மேய்ந்தது. புல், கீரை, பூச்சி, விழுந்து கிடக்கும் பப்பாளி, செம்பனைப் பழம் எல்லாம் அதன் தீனி. செம்பனைப் பழத்தின் அந்த ஆரஞ்சு நிறமே வைட்டமின் ஏ-க்கு மூலப்பொருளான கரோட்டின்தான். வெள்ளை அரிசிச் சோற்றில் அது துளியும் இல்லை. கோழி தன் ஈரலில் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பில் சில மாதம் ஓட்டும். அது தீர்ந்ததும் கண், மூக்கு, தொண்டை இவற்றின் உட்தோல் வறண்டு தடித்துப் போகும். கண்ணீர் சுரப்பது குறையும். கண் கெடும். ஐந்து மாதக் கணக்கு சரியாக இருந்தது.

அரிசிச் சோற்றையும் கோழியையும் பற்றி ஒரு வரலாறே உண்டு. 1890களில் நமக்குப் பக்கத்தில் உள்ள ஜாவாத் தீவில், கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆய்வுக்கு வைத்திருந்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடையில் சில மாதம் மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருந்தது தெரிய வந்தது. தவிட்டில் இருந்த சத்து போனதே காரணம். அது வேறு வைட்டமின், இது வேறு வைட்டமின். ஆனால் பாடம் ஒன்றுதான். ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழி என்ன தின்றது என்று கேட்டவருக்குக் கிடைத்த பரிசு அது!

இனி, பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் 'மாத்தா பூத்தே' என்னும் பாடும் குருவிகளைக் கூண்டில் வளர்ப்பவர். சின்னிக்கு நோய் என்று தெரிந்ததும் வேலிக்கு அப்பால் இருந்து, "பறவைக் காய்ச்சலாக இருந்தால் என் குருவிகள் என்ன ஆவது, பிள்ளைகள் என்ன ஆவது?" என்று கேட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. பின்னர் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான்.

நம் நாட்டில் பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறது. 2004இல் கிளந்தானில், 2006இல் கோம்பாக் பகுதியில், 2007இல் சுங்கை பூலோவுக்கு அருகில், 2018இல் சபாவில் என்று கோழிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய பண்ணைகள் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் வளர்க்கும் நாட்டுக்கோழிகளும் அதில் அகப்பட்டன. பறவை நோய் மனிதர் கண்ணுக்கு வருவதும் உண்டு. 2003இல் நெதர்லாந்தில் வேறொரு வகைப் பறவைக் காய்ச்சல் பரவியபோது 89 பேருக்குத் தொற்றியது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததே முக்கிய அறிகுறி. ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் உயிரிழந்தார். 2024இல் அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றியபோதும், பலருக்குக் கண்ணில்தான் முதலில் தெரிந்தது.

அதற்காக, கண் மூடிய கோழியை எல்லாம் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. பறவைக் காய்ச்சலோ, வெள்ளைக் கழிச்சலோ ஒரு கோழியின் ஒரு கண்ணோடு அமைதியாக நிற்பது அரிது. பல கோழிகள் ஒரே சமயத்தில் சோர்ந்து விழும், திடீர் திடீரென்று சாகும். கழுத்து திருகிக்கொள்ளும், கொண்டை நீலம் பாரிக்கும், முட்டை நின்றுவிடும். இப்படி நடந்தால் மறைக்காதீர்கள். செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று அறுத்துச் சமைக்காதீர்கள். உடனே கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். 'அதிகாரிகள் வந்தால் எல்லாக் கோழியையும் பிடித்துப் போய்விடுவார்கள்' என்று பயந்து மறைப்பவர்கள், தங்கள் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பணயம் வைக்கிறார்கள்.

அண்ணன் சொன்னாரே, 'நோய் முத்துவதற்குள் அறுத்துவிடலாம்' என்று. அது நம்மில் பலர் செய்வது. சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் என்ன நோய் என்று தெரியாத கோழியை அறுக்கும்போதும், இறகு பறிக்கும்போதும், குடலைக் கழுவும்போதும்தான் கையிலும் கண்ணிலும் தெறிக்கிறது. பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றிய நாடுகளில், சீக்குக் கோழியை வீட்டில் அறுத்துச் சுத்தம் செய்ததால் தொற்றியவர்கள் உண்டு. சீக்குக் கோழிக்குக் கறிச்சட்டி வைத்தியம் ஆகாது.

இனி நீங்கள் செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, தனியே பிரித்து வையுங்கள். காற்றோட்டமான, வெயில் நேரடியாக விழாத இடம் போதும். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயாளியைக் கடைசியில் கவனியுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.

இரண்டாவது, பாருங்கள், எழுதி வையுங்கள். ஒரு கண்ணா இரண்டா, தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எச்சம் என்ன நிறம், மூச்சில் சத்தம் உண்டா, வாய்க்குள் என்ன இருக்கிறது? நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி மாதிரிக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் பல நாளாக இளைத்துக் கொண்டிருக்கிறது என்று பொருள். கோழி தன் நோயைக் கூடுமானவரை மறைக்கும். நாம் கண்டுபிடிக்கும்போது அது முதல் நாள் நோயாக இருக்காது. இன்னொன்று, தொட்டுப் பார்த்துக் 'காய்ச்சல் அடிக்கிறது' என்று சொல்லாதீர்கள். கோழியின் உடல் சூடு இயல்பாகவே 41 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும்.

மூன்றாவது, கண்ணைக் கழுவ வேண்டுமானால் மருந்துக்கடையில் விற்கும் சலைன் நீர் போதும். வீட்டில் செய்வதானால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. சுத்தமான பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். உள்ளே இருக்கும் கட்டியை நகத்தாலோ ஊசியாலோ பிடுங்காதீர்கள். மஞ்சள் வேண்டாம், மிளகு வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம். என் கைப்பைச் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம்.

நான்காவது, ஆன்டிபயாடிக். கடையில் கிடைக்கிறது என்று வாங்கித் தண்ணீரில் கலக்காதீர்கள். சத்துக்குறைவுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. நாம் தாராளமாகப் பயன்படுத்தும் குளோராம்பெனிக்கால் கண் களிம்பை, நாம் உண்ணும் பிராணிகளுக்குக் கொடுக்க நம் நாடு உட்படப் பல நாடுகளில் தடை உண்டு. அது முட்டையில் தங்கி நம் வயிற்றுக்கு வரும். மருத்துவர் எந்த மருந்து கொடுத்தாலும், 'எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது' என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

ஐந்தாவது, தடுப்பு. கடையில் விற்கும் கோழித் தீனியில் சத்துகள் அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதை முதன்மையாக வையுங்கள். அதோடு முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, கேரட் கொடுங்கள். வைட்டமின் மாத்திரையை அள்ளிக் கொடுக்காதீர்கள், ஏ வைட்டமின் அளவு மீறினால் அதுவும் நஞ்சு. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. மலாய்க்காரர்கள் 'சம்பார் ஆயாம்' என்பது இதைத்தான். 1980களில் செர்டாங்கில் இருந்த விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கக்கூடிய, தீனியில் கலந்தே கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். ஊசி போடக் கோழியைத் துரத்திப் பிடிக்க முடியாத கம்பத்து மக்களை மனதில் வைத்துச் செய்தது. அந்தப் பல்கலைக்கழகம்தான் இன்றைய மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம். நம் மண்ணில் நடந்த ஆராய்ச்சி அது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வீடமைப்புப் பகுதியில் கோழி வளர்க்கும் முன், உங்கள் நகராண்மைக் கழகத்தின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைப் போலப் பேச்சு வந்த பிறகு கூண்டில் அடைத்தால், தண்டனை கோழிக்குத்தான் போய்ச் சேரும்.

சின்னி என்ன ஆனது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

மருத்துவர் இமைக்குள் இருந்த கட்டியை எடுத்தார். மருந்து கொடுத்தார். வைட்டமினை அளந்து கொடுத்தார். இரண்டு வாரத்தில் வலது கண் முழுவதும் தெளிந்துவிட்டது. இடது கண் போய்விட்டது. "சத்துக்குறைவால் வந்த கோளாறு, முதல் நாளே கொண்டு வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது எனக்காகவே சொன்னது போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் நான் அழுதேன். அம்மாதான் சமாதானம் சொன்னார். "நீ அறியாம செஞ்ச. நானும் மஞ்சளைப் பூசினேன். அஞ்சு மாசமா வெறும் சோத்தைப் போட்டதும் நான்தானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே பாப்பா" என்றார். சின்னியைத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். தோட்டத்தை விட்டு வந்த நாளில் இருந்து அம்மாவையும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை என்பது, இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுவாரம் அண்ணன் தானாகவே கூண்டைக் கழற்றிவிட்டு, பின்புறத்தில் வேலியடைத்து, சின்னி உலாவ இடம் செய்து கொடுத்தார். மக்சிக் தன் வீட்டுப் பப்பாளித் தோலை வேலிக்கு மேலாகப் போடுகிறார். அங்கிளிடம் ஆய்வுக்கூட முடிவைக் காட்டினோம். அவர் குருவிகளும் நலம். அம்மா ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினார். அது இப்போது என் உயரம் இருக்கிறது.

கோழிக்கு இரண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்வதில்லையாம். முட்டைக்குள் குஞ்சு சுருண்டிருக்கும் விதத்தில், கடைசி நாள்களில் வலது கண்தான் ஓட்டின் பக்கம் இருந்து வெளிச்சம் பெறுகிறது. அதனால் கல்லுக்கும் தானியத்துக்கும் வேறுபாடு காண்பதில் வலது கண் கெட்டி. வேட்டைப் பறவை வருகிறதா என்று காவல் பார்ப்பதில் இடது கண் கெட்டி. சின்னியின் காவல் கண்ணை நான் கெடுத்துவிட்டேன். இடப்பக்கமாக யார் போனாலும் திடுக்கிட்டுத் துள்ளும். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம். சின்னியிடம் போகும்போது எல்லாரும் வலப்பக்கமாகச் சுற்றித்தான் போகிறோம். அண்ணனும்கூட.

"இருபது வெள்ளிக் கோழிக்கு எண்பது வெள்ளி வைத்தியமா?" என்று என் நண்பர்கள் கேட்டார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டு வந்து, அது தானாகத் தேடித் தின்ற வழியை அடைத்தவர்கள் நாம். அடைத்த பிறகு, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் நம் கடமை. அதற்கு வாய் இல்லை. தெரிந்தவரிடம் நாம்தான் கேட்க வேண்டும். ஊகத்தால் மருந்து போடாதீர்கள், பயத்தால் கத்தி எடுக்காதீர்கள்.